நேரலையில் சிரித்தவள்

நான் குடியிருக்கும் சீனாவின் யிவு நகரத்தில், தினமும் காலையில் முன்பின் தெரியாத பலர் என்னோடு உறவு கொண்டாடுகிறார்கள். செருப்புக் கடைக்காரர், தக்காளி அனுப்புகிறவர், போன வாரம் வாங்கிய குடையின் கம்பி சரியாக இருக்கிறதா என்று விசாரிக்கிறவர் என்று எல்லோருடைய செய்தியும் ‘ச்சின்’ என்றுதான் தொடங்கும். அன்பானவரே என்று அர்த்தம். அந்தச் சீன எழுத்துக்குச் சொந்தபந்தம் என்றும் ஒரு பொருள் உண்டு. இங்கே கைப்பேசியில் பொருள் வாங்குகிற எவரும் விற்கிறவருக்குச் சொந்தம்தான். எதிர்வீட்டுக்காரியின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. மின்தூக்கியில் நேருக்கு நேர் நின்றாலும் அவள் தன் காலணியைத்தான் பார்ப்பாள். திண்டுக்கல்லில் எங்கள் மேட்டுப்பட்டித் தெருவில் முறை சொல்லிக் கூப்பிடுகிறவர்கள், கேட்காமல் வீட்டுக்குள் வந்து குழம்புச் சட்டியைத் திறந்து பார்க்கும் உரிமை உள்ளவர்கள். முகம் தெரியாத ஒருவர் குடைக்கம்பிக்காக என்னைச் சொந்தம் என்று அழைப்பது வந்த புதிதில் சிரிப்பாக இருந்தது. பிறகு அதுவே எனக்குச் சோறு போடும் வேலையாகிவிட்டது.

கணவர் வின்சென்ட்டின் வேலைக்காகத்தான் இங்கே வந்தோம். ஏற்றுமதியாகும் பாத்திரங்களைக் கப்பலேறும் முன் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. ஊரில் ஆசிரியையாக இருந்த நான் இங்கே சமைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கைப்பேசியில் நேரலையாகப் பேசிப் பொருள் விற்கும் ஒரு நிறுவனம் தமிழ் பேசும் பெண்ணைத் தேடுவதாக அவருடைய சிநேகிதர் ஒருவர் சொன்னார். அவர்களுடைய கைப்பேசிச் செயலிக்கு நம் நாட்டில் தடை, திறக்காது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் தமிழர்களுக்கு விற்கத்தான் ஆள் தேவைப்பட்டது. வேலை அனுமதியெல்லாம் அவர்களே வாங்கித் தந்தார்கள்.

முதல் நாள் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தபோது எனக்குத் தலை சுற்றியது. நீளமான ஒரு நடை. இரு பக்கமும் கண்ணாடிக் கதவு வைத்த சின்னச் சின்ன அறைகள். ஒரு அறையில் பொன்னிறக் கோபுரம் வரைந்த திரைக்கு முன் தாய்லாந்துப் பெண் முகப்பூச்சு விற்றாள். அடுத்ததில் முக்காடு போட்ட இந்தோனேசியப் பெண் தொழுகை விரிப்பைப் பிரித்துக் காட்டினாள். இன்னொன்றில் வியட்நாம், அதற்கடுத்து பிலிப்பைன்ஸ். அந்த நடையில் ஒரு தடவை நடந்தால் பாதி ஆசியாவைக் கடந்துவிடலாம். விற்கிற பொருள் பெரும்பாலும் ஒன்றுதான், ஒரே கிட்டங்கியிலிருந்து வருவதுதான். திரையும் உடுப்பும் கொஞ்சுகிற விதமும் மட்டும் அறைக்கு அறை மாறும். கடைசி அறை என்னுடையது. அங்கே நெகிழி வாழைமரம் இரண்டு, ஒட்டுக் கோலம் ஒன்று, பித்தளை மாதிரி பூசிய குத்துவிளக்கு ஒன்று எனக்காகக் காத்திருந்தன. வாழைமரத்தில் ஒன்றைத் தலைகீழாக நட்டிருந்தார்கள்.

என் அறைக்குப் பொறுப்பாளர் லின் என்ற பெண். என்னைவிடப் பல வயது இளையவள். ஹூனான் மாகாணத்தில் ஏதோ ஒரு மலையடிவாரத்துக் கிராமத்துக்காரி. என்னை ‘மேரி ஜியே’ என்பாள். ஜியே என்றால் அக்கா. என் அரைகுறைச் சீனமும் அவளுடைய கைப்பேசி மொழிபெயர்ப்பும் சேர்ந்து எங்கள் பேச்சை நடத்தின. முதலில் அவர்கள் எனக்குக் கொடுத்தது எந்திரம் மொழிபெயர்த்த தமிழ். ‘மதிப்புமிக்க நுகர்வோரே, தங்கள் இல்லத்திற்கு வெளிச்சத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று நான் வாசித்தேன். பார்க்க வந்தவர்கள் வந்த வேகத்தில் போனார்கள். லின் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். “உங்கள் மொழியில் ச்சின்னுக்கு என்ன சொல்?” என்று கேட்டாள். அப்படி ஒரே சொல் கிடையாது, ஆளைப் பார்த்து அக்கா, தங்கச்சி, மதினி, சித்தி, அத்தை என்று மாறும் என்றேன். அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! வெள்ளைப் பலகையில் கட்டம் போட்டு எந்த வயதுக்கு எந்த முறை என்று எழுதிக்கொண்டாள். சில நாட்களில், பார்க்கிறவரின் வயதை ஊகித்து எப்படிக் கூப்பிட வேண்டும் என்று திரை ஓரத்தில் எனக்குக் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருமுறை படத்தில் மீசை வைத்திருந்த ஒருவரை நான் மதினி என்று அழைத்து, அவர் கோபித்துக்கொண்டு போனார்.

இன்னொரு நாள் மல்லிகைச் சரத்தில் சண்டை வந்தது. நெகிழி மல்லிகை. அதை நான் தலையில் வைத்ததும் லின் ஓடி வந்து கையைப் பிடித்தாள். வெள்ளைப் பூ அவர்கள் ஊரில் சாவு வீட்டுக்குரியது. “இதையே சிவப்பில் செய்யச் சொல்லட்டுமா?” என்றாள். சிவப்பு மல்லிகையை நினைத்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மல்லிகை எங்களுக்கு மங்கலம், ஆனால் வெள்ளைச் சேலை எங்கள் ஊரிலும் துக்கத்தில் கட்டுவதுதான் என்று விளக்கினேன். அவள் தலையாட்டிக்கொண்டே அதையும் எழுதிக்கொண்டாள். ராகுகாலத்தில் புதுப்பொருள் காட்டக் கூடாது, பண்டிகைக்கு முன் கறுப்புச் சேலை எடுக்கக் கூடாது என்று நான் சொன்ன எதையும் அவள் விட்டதில்லை. நான் கிறிஸ்தவச்சி, எனக்கே இதிலெல்லாம் பாதிதான் தெரியும் என்றால் நம்ப மாட்டாள்.

ஆனால் உண்மையில் எங்கள் அறைக்குக் கூட்டம் சேர்த்தது என் அப்பா. அவர் பெயர் சவரிமுத்து. திண்டுக்கல் வெங்காய மண்டியில் ஏலம் கூவுகிறவர். ரெட்டியார்சத்திரத்திலிருந்தும் சாணார்பட்டிப் பக்கமிருந்தும் விவசாயிகள் கொண்டுவந்து கொட்டும் சின்ன வெங்காயத்துக்கு முன்னால் நின்று, வியாபாரிகளைப் பார்த்து அவர் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். “பாத்துக்க அப்பு, தொட்டுப் பாத்துக்க! போனா வராது! விட்டுப்புட்டு அழுகாத!” கடைசிச் சொல்லை இழுத்து, அதன் வாலை விழுங்கிவிடுவார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் பாடம். ஒருநாள் விற்பனை மந்தமாக இருந்தது. விளையாட்டாக அப்பா மாதிரி ஆரம்பித்தேன். “பாத்துக்கங்க மதினி, நல்லாப் பாத்துக்கங்க. போனா வராது. விட்டுப்புட்டு அழுகாதீக!” மலேசியாவில் கிள்ளானிலும் ஈப்போவிலும் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். எங்க பாட்டன் ஊர்ப் பேச்சு என்று ஒருவர் எழுதினார். அன்றிலிருந்து எந்திரத் தமிழை லின் தூக்கிப் போட்டுவிட்டாள்.

இதை அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவருக்குப் பெருமைதான், ஆனால் ஒரு சந்தேகம்.

“ஏத்தா, வெல ஏறுதா, எறங்குதா?”

“எறங்கும்ப்பா. அவுக பாக்கப் பாக்கக் கொறைப்போம். அதுதான் இங்கன வழக்கம்.”

“வெல ஏறத்தான கூவணும்? எறங்குறதுக்கு எதுக்குத்தா தொண்டத் தண்ணிய வத்த வைக்கிற?”

நான் வேலை செய்வதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. செயலி ஊரில் திறக்காது என்பதால், மகள் சீனாவில் கூவுகிறாள் என்று மண்டியில் சொல்லிக்கொள்வதோடு சரி.

பிறகு என்னைப் போலவே ஒருத்தியைச் செய்தார்கள். பச்சைத் திரைக்கு முன் பல மத்தியான வேளைகள் உட்கார வைத்தார்கள். எழுத்துகள், சொற்கள், முறைப்பெயர்கள் எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார்கள். மெல்லச் சிரிக்கச் சொன்னார்கள், வாய்விட்டுச் சிரிக்கச் சொன்னார்கள். தலை திருப்புவது, தோடு ஆடுவது எல்லாம் பதிவானது. இனி உடம்பு சரியில்லாத நாளில் நீங்கள் வர வேண்டாம், கணினியே உங்கள் உருவத்தில் பேசிக்கொள்ளும் என்றாள் லின். நடையில் இருந்த தாய்லாந்துப் பெண்ணுக்கும் வியட்நாம் பெண்ணுக்கும் ஏற்கெனவே செய்துவிட்டார்கள். முதன்முறை திரையில் அவளைப் பார்த்தபோது, என் சேலையைக் கட்டிக்கொண்டு நிற்கும் தூரத்துச் சொந்தக்காரி போலத் தெரிந்தாள். என்னைவிடக் கொஞ்சம் சிவப்பு. மூக்கைச் சிறிதாக்கியிருந்தார்கள். எழுதுகிறவர்களுக்கு அவளே பதிலும் சொன்னாள். வின்சென்ட் பார்த்துவிட்டு, இவளுக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்டுச் சிரித்தார்.

தீபாவளி விற்பனை சூடு பிடித்த சமயத்தில் தம்பி ஆரோக்கியம் கூப்பிட்டான். அவன் வேடசந்தூர் நூல் மில்லில் மேற்பார்வையாளன். வேலை நேரத்தில் கூப்பிட மாட்டான். எடுத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஏலம் முடித்து வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்த அப்பா அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. “நீ வந்தாத்தான்க்கா எடுப்போம். பொட்டியில வச்சிருக்கோம். வா” என்றான். லின் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவளே பயணச்சீட்டுக்கு ஏற்பாடு செய்தாள். வேலையைப் பற்றி எதையும் நினைக்காதே, போ என்றாள். நானும் நினைக்கவில்லை. வின்சென்ட்டுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. தனியாகக் கிளம்பினேன்.

ஷாங்காயிலிருந்து கோலாலம்பூர் வந்து திருச்சி விமானத்துக்கு மாற வேண்டும். காத்திருக்கும் இடத்தில் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தபோது யாரோ தோளைத் தொட்டார்கள். தரை துடைக்கும் வேலை செய்யும் தமிழ்ப் பெண் ஒருத்தி. “ஏன்கா அழறீங்க?” என்றாள். முகத்தை நிமிர்த்தியதும் அவள் கண் விரிந்தது. “நீங்க அந்த விளக்கு விக்கிற அக்கா தானே? இப்பதானே லைவ்ல பார்த்தேன்!” சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து நீட்டினாள். அதில் நான் இருந்தேன். பட்டுச் சேலையும் மல்லிகையுமாக, வாய் கொள்ளாத சிரிப்போடு, பேட்டரியில் எரியும் அகல் விளக்குகளை வரிசையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எது நிஜம் என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்கு விளக்கம் சொல்லத் தெம்பில்லை. அப்பா இறந்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன். அவள் கைப்பேசியை அவசரமாக அணைத்து, ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல, அதைப் பைக்குள் திணித்தாள். “மன்னிச்சிக்குங்க அக்கா” என்றாள். மன்னிக்க என்ன இருக்கிறது அவளிடம்? இதென்ன என்று கேட்டு லின்னுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். பதில் வருவதற்குள் விமானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தது. குளிர்பெட்டிக்குள் அப்பா வெள்ளைச் சட்டையில் படுத்திருந்தார். தாடையைத் துணியால் கட்டியிருந்ததைப் பார்க்கத்தான் தாங்கவில்லை. அந்த வாய் மூடியிருந்து நான் பார்த்ததில்லை. மண்டியிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். வெங்காயம் போடும் விவசாயிகள் வேனில் வந்து இறங்கி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஒருவர் பெட்டியைத் தொட்டு, “எங்க சரக்க யாருய்யா இனி கூவுவா?” என்று கேட்டுவிட்டு உடைந்துபோனார். செபமாலை நடந்துகொண்டிருந்தது. அம்மா என் மடியில் சாய்ந்திருந்தார். அழுது அழுது சத்தம் நின்றுபோன நேரம்.

அப்போது கிள்ளானிலிருந்து ஜெசிந்தா மதினி தம்பியின் எண்ணுக்கு ஒரு காணொளித் துண்டு அனுப்பினாள். அவள் எங்கள் அத்தை மகள், கல்யாணமாகி அங்கே போனவள். நான் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது அவளுக்குத் தெரியாது. தம்பி என்னவோ ஏதோ என்று சத்தத்தைக் குறைக்காமல் திறந்துவிட்டான். என் சிரிப்பு வீடு முழுக்கக் கேட்டது. “வாங்க வாங்க மதினி! வீடு நெறைய வெளக்கு வேணாமா? விட்டுப்புட்டு அழுகாதீக!”

செபம் நின்றுவிட்டது. அம்மா என் மடியிலிருந்து தலையைத் தூக்கி என் வாயையே பார்த்தார். என் உதடு அசையவில்லை.

“ஏத்தா, யாருடி சிரிக்கிறா?”

“நான் இல்லம்மா.”

“ஒன் சத்தம்தானடி?”

“என் சத்தம்தாம்மா. நான் இல்ல.”

வாசலில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பி கைப்பேசியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான். நானும் பின்னால் போனேன். அவன் முகம் கறுத்திருந்தது. “அந்தத் துண்டோட மதினி என்ன எழுதியிருக்கு பாருக்கா” என்றான். மாமா செத்துக் கிடக்கும்போது மேரிக்கு வியாபாரம் கேட்கிறதா என்று எழுதியிருந்தாள். மதினியைக் கூப்பிட்டேன். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஊரில்தான் நிற்கிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. காணொளி அழைப்பில் முகத்தைக் காட்டிய பிறகுதான் நம்பினாள்.

“அப்ப இங்க பேசுறது யாரு மேரி?”

“கம்ப்யூட்டரு மதினி. என்னைய மாதிரியே செஞ்சு வச்சிருக்காக.”

“அது தெரியாம நான் என்னென்னமோ எழுதிப்புட்டேனே. ‘ஒங்கப்பா எறந்துட்டாருடி, எந்திரிச்சுப் போடி’ன்னு லைவ்லயே எழுதினேன். பாத்த சனமெல்லாம் ஆழ்ந்த அனுதாபம்னு போட்டாக. அதுக்கு அது என்ன சொல்லுச்சு தெரியுமா?”

மதினி மேலே சொல்ல முடியாமல் அழுதாள். பதிவு செய்து வைத்திருந்த அந்த இடத்தையும் அனுப்பினாள். அப்பா இறந்துட்டாராம், வருத்தப்படுறோம் அக்கா என்று யாரோ எழுத, திரையில் இருந்தவள் தலையைச் சாய்த்து, தோடு ஆட, “ரொம்ப சந்தோசம் அக்கா! இன்னும் ரெண்டு வெளக்கு எடுத்துக்கங்க” என்றாள்.

லின்னைக் கூப்பிட்டேன். எனக்குச் சீனம் மறந்துபோயிற்று. அந்த நேரத்தில் தமிழே ஒழுங்காக வரவில்லை. கைப்பேசி மொழிபெயர்ப்பில், “சிரிக்கக் கூடாது, அப்பாவை இன்னும் அடக்கம் செய்யவில்லை, தயவுசெய்து” என்று சொன்னேன். நிறுத்துங்கள் என்றும் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். லின் அந்தப் பக்கம் அழுவது கேட்டது. விற்பனை நேரங்களைத் தீர்மானிப்பது வேறொரு நகரத்தில் இருக்கும் வேறொரு பிரிவு. பண்டிகை முடியும்வரை எந்த அறையையும் இருட்டாக்க அவளுக்கு அதிகாரம் இல்லை. “மெய் பான்ஃபா, மேரி ஜியே” என்றாள். வழியில்லை என்று அர்த்தம். சீனாவில் பேருந்து போய்விட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், வீடு இடிந்துவிட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். “ஆனால் என் கையில் இருக்கிறதை நான் செய்கிறேன்” என்றாள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

துக்க மணி அடித்தது. அப்பாவைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். மலைக்கோட்டைப் பாறைமேல் வெயில் சாய்ந்திருந்தது. நாங்கள் ஆளுக்கொரு கைப்பிடி மண் போட்டோம். மண்டிக்காரர்கள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதும் சத்தத்துக்கு நடுவே இருந்த மனிதரை அவ்வளவு அமைதிக்குள் விட்டுவிட்டு வந்தோம்.

வீடு கழுவி, குளித்துவிட்டு வந்து பார்த்தால் லின்னின் செய்தி இருந்தது. ‘மேரி ஜியே, உங்கள் குடும்பத்தின் துயரத்தை மதித்து, நீங்கள் கற்றுக்கொடுத்தபடி செய்திருக்கிறேன். மனம் ஆறட்டும்.’ கூடவே ஒரு படம். திரையில் இருந்தவளுக்கு வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தார்கள். மல்லிகையை எடுத்துவிட்டார்கள். சிரிப்பை முழுக்க நீக்கிவிட்டார்கள். குத்துவிளக்குக்குப் பக்கத்தில், அழுது முடித்தவள் போன்ற முகத்தோடு, அவள் அதே அகல் விளக்குகளை விற்றுக்கொண்டிருந்தாள். “விட்டுப்புட்டு அழுகாதீக” என்பதை மட்டும் எடுக்கவில்லை. அது விற்பனைச் சொல், கூட்டம் சேர்ப்பது. அதை எடுக்க லின்னுக்கு அனுமதி இருந்திருக்காது.

நான் சிரிக்கக் கூடாது என்று சொன்னதை, அவள் அப்படியே நிறைவேற்றியிருந்தாள். எங்கள் வீட்டுத் துக்கத்துக்கு, தூரத்தில் ஒரு சீனப் பெண் தன் கையிலிருந்த ஒரே கருவியால் மரியாதை செய்திருக்கிறாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பார்த்த மலேசியச் சனம் பரிதாபப்பட்டது. அப்பா செத்தும் உழைக்கிற பிள்ளை என்று எழுதி, வழக்கத்தைவிட அதிகமாக வாங்கினார்கள். இதைக் கேள்விப்பட்ட எங்கள் சொந்தங்களில் பாதிப் பேர், வெள்ளைச் சேலையைக் காட்டிக் காசு பார்க்கிறாள் என்றார்கள். அது நான் இல்லை என்று ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்ல முடியுமா? சொன்னாலும், முகம் உன்னுடையது, குரல் உன்னுடையது, அப்புறம் எப்படி நீ இல்லாமல் போவாய் என்றுதான் கேட்பார்கள். வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் நல்லது கெட்டதுக்கு வந்து சேர முடியாமல் கெட்ட பேர் வாங்குவது உண்டு. நான் வந்து சேர்ந்தும் வாங்கினேன்.

திரும்பிப் போனதும் நேரில் பேசி அவளை அழிக்கச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அந்த நினைப்பில்தான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. தம்பி மில்லுக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒரு பகலில் அம்மாவும் நானும் தனியாக இருந்தோம். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் எதுவும் செய்யாமல் ரசச்சோறு சாப்பிட்டு முடித்திருந்தோம். அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஏத்தா, அந்தப் பிள்ளையச் செத்த நேரம் போடேன்.”

“எந்தப் பிள்ளம்மா?”

“அதான், அன்னிக்குச் சிரிச்சாளே.”

வேண்டாம்மா என்றேன். அம்மா கேட்கவில்லை. முதலில் வந்த துண்டைப் போட்டேன். அம்மா திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காதைப் பக்கத்தில் கொண்டுபோனார். ‘விட்டுப்புட்டு அழுகாதீக’ வந்ததும் விரலால், இன்னொருமுறை என்று காட்டினார்.

“அப்படியே ஒங்கப்பாரு இழுப்பு. கடைசியில முழுங்குவாருல்ல, அதையும் முழுங்குறா பாரு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவின் குரல் எங்கள் வீட்டில் எதிலும் பதிவாகவில்லை. இத்தனை கைப்பேசி இருந்தும், மண்டிக்குப் போய் யாரும் அவர் கூவுவதைப் பிடித்து வைக்கவில்லை. தினமும் கேட்கிற சத்தத்தை யார் பதிவு செய்வார்கள்? எங்கோ ஒரு சீன நிறுவனம், விளக்கு விற்பதற்காக, என் தொண்டை வழியாக அதைச் சேமித்து வைத்திருக்கிறது.

“அது என்கிட்ட இருந்து எடுத்ததும்மா. நானே சொல்றேன், கேளு” என்று சொல்லி நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாத்துக்க அப்பு என்று ஆரம்பித்தேன். அப்பாவின் இழுப்பு வரவில்லை. மறுபடி முயன்றேன். பாதியில் உடைந்து அழுதுவிட்டேன். அம்மா என் முதுகைத் தடவினார்.

“வேணாத்தா. நீ அழுகுற. அவளே சொல்லட்டும்.”

கொஞ்ச நேரம் கழித்து, “இதுக்கு ஒங்கப்பாரு செத்தது தெரியுமாடி?” என்று கேட்டார்.

“அதுக்கு ஒண்ணும் தெரியாதும்மா.”

“தெரியாமயே இருக்கட்டும். யாராச்சும் ஒருத்தி சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும். அழிச்சுகிழிச்சுப்புடாத.”

யிவுவுக்குத் திரும்பி வந்தேன். லின் அறை வாசலில் நின்று, நான் செய்தது தப்பா என்று கேட்டாள். யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. வேண்டுமானால் மேலிடத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதலாம், கிடைக்குமா தெரியாது, ஆனால் நான் கூட நிற்கிறேன் என்றாள். நான் அழிக்கச் சொல்லி எழுதவில்லை. எழுத வேண்டாம் என்றும் எனக்குத் தோன்றவில்லை. இரண்டுக்கும் நடுவில் கைகட்டி நின்றேன். தீபாவளி போய்ப் பொங்கல் விற்பனை வந்தது. வெள்ளைச் சேலையை மாற்றி மறுபடியும் பட்டு உடுத்தினார்கள், சிரிப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவள் என்னைவிட நன்றாக விற்கிறாள். தொண்டை கட்டுவதில்லை, விடுப்புக் கேட்பதில்லை. என்னைப் பக்கத்து அறையில், உடைந்துபோய் வந்த பொருள்களுக்கு மன்னிப்புக் கேட்டுத் தமிழில் பதில் எழுதும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அக்கா, மதினி, சித்தி என்று நானும் முறை சொல்லித்தான் எழுதுகிறேன். அவர்கள் யாருக்கும் என் முகம் தேவைப்படுவதில்லை. ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள், வேலையை விட்டுவிட்டு வரலாமே என்பீர்கள். நான் வந்துவிட்டாலும் அவள் இங்கேதான் இருப்பாள்.

நேற்று சாயங்காலம் வேலை முடிந்து நடந்துவரும்போது அம்மாவைக் கூப்பிட்டேன். மழை தூறிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை அடித்த பிறகுதான் எடுத்தார். பின்னால் தம்பியின் பழைய கைப்பேசியில் ஏதோ சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. தினமும் அந்த நேரத்தில் மதினி அனுப்பிய துண்டைப் போட்டுக் கேட்பது அம்மாவுக்கு வழக்கமாகிவிட்டது என்று தம்பி ஏற்கெனவே சொல்லியிருந்தான்.

“அம்மா, நான் மேரி பேசுறேன். சாப்டியா?”

“செத்த இரு ஆத்தா” என்றார் அம்மா. “அவ பேசி முடிச்சுக்கிரட்டும்.”

நான் நடைபாதை ஓரமாக ஒதுங்கி நின்றேன். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தது யிவுவின் மழைக்குள் எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் முறை வருவதற்காகக் காத்திருந்தேன்.